இரண்டு மணி நேரம் குறைவு

"கீலா, இது தொண்டுப் பதிவேடா, வெள்ளைத் தாளா?"

ஜொகன்னஸ்பர்க் யூதப் பள்ளியில் சர்வதேச டிப்ளமாவுக்குப் பொறுப்பாளர் ரெனி சூல்பர்க். நோட்டை மேசைமேல் போட்டார்.

பரீட்சை மட்டும் போதாது. ஐம்பது மணி நேரம் பிறருக்குத் தொண்டு செய்த ஆதாரம் வேண்டும் என்பது பள்ளியின் விதி. ஆதாரம் இல்லாவிட்டால் டிப்ளமா இல்லை. டிப்ளமா இல்லாவிட்டால் கீலாவுக்கு மருத்துவப் படிப்பும் இல்லை.

"செஞ்சிருக்கேன் மிஸ்."

"போட்டோ எங்கே? ஆரோனைப் பாரு. குடிசைப் பக்கம் போய்ப் பத்துக் கம்பளி கொடுத்தான், நாப்பது போட்டோ வச்சிருக்கான்."

"அதுல கம்பளி வாங்கினவங்க முகம் எத்தனை தெரியுது மிஸ்?"

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. சரி, உதவி வாங்கினவங்ககிட்ட ஒரு கையெழுத்தாவது வாங்கினியா?"

"அவங்களால போட முடியாது."

"நன்றின்னு ஒரு வார்த்தை?"

"அதுவும் முடியாது. செத்தவங்க மிஸ்."

ரெனி கண்ணாடியைக் கழற்றினார்.

இறந்த பெண்களை அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்திவிடும் சங்கம் ஒன்று உண்டு. கீலா அத்தையோடு ஒன்றரை வருடமாக அங்கே போகிறாளாம். யாரை யார் குளிப்பாட்டினார்கள் என்று வெளியே சொல்வதில்லை. தெரிந்தால் வீட்டார் கைம்மாறு செய்ய நினைப்பார்கள். அப்புறம் அது தொண்டு இல்லை, கூலி.

"பேர் வேண்டாம். தேதியை எழுது."

எழுதினாள். தடவைக்கு இரண்டு மணி நேரம். இருபத்துநான்கு தேதிகள். கூட்டினால் நாற்பத்தெட்டு.

"இன்னும் ஒரு நாள் வேணும்."

"இருக்கு மிஸ். ஆனா எழுத மாட்டேன்."

"ஏன்?"

கீலா நோட்டை மூடி ரெனியின் பக்கம் தள்ளினாள்.

"வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் அனுப்பணும். அதுக்குள்ள இன்னொரு தடவையாவது போயிட்டு வா."

"அதுக்குள்ள யாராவது சாகணும்னு வேண்டிக்கச் சொல்றீங்களா?"

இந்தத் திமிர்தான் ரெனிக்குப் பொறுக்கவில்லை. சொன்னது மொத்தமும் பொய்யாக இருக்கலாம் என்றும் தோன்றியது. அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, சங்கத்தை நடத்தும் ஃபைகா ஆன்ட்டிக்குப் போன் போட்டார்.

"நல்லா செய்யிறாளான்னு கேக்கிறியா? எங்ககிட்ட வந்தவங்க யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல."

"விளையாடாதீங்க ஆன்ட்டி. யார் யாருக்குச் செஞ்சான்னு தெரியணும்."

"அது என் வாயில வராது. வந்த தேதி வேணும்னா வாசிக்கிறேன், குறிச்சுக்கோ."

ஒவ்வொரு தேதியாக ஆன்ட்டி வாசித்தார். ரெனி கீலாவின் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். இருபத்துநான்கும் சரியாக இருந்தன.

"கடைசியா, ஜூலை பதினாலு. அன்னிக்குக் குளிப்பாட்டினது ஒருத்தரைத்தான். குறிச்சுக்கிட்டியா?"

ரெனியின் பேனா நகரவில்லை.

"ரெனி, லைன்ல இருக்கியா?"

ஜூலை பதினாலு, ரெனி தன் அம்மாவை அடக்கம் செய்த நாள்.