ராமாத்தாளுக்கு அருள் வந்த வெள்ளிக்கிழமை

உள்ளங்கையில் கற்பூரம் எரிய, கூந்தல் அவிழ, ராமாத்தாள் ஆடிக்கொண்டிருந்தாள். கோவிந்தாபுரத்தை அடுத்த அந்த மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் வாயடைத்து நின்றது.

பதினைந்து வருஷமாக அங்கே அருள் வருவது பூசாரி குப்பண்ணன் மேல்தான். இன்றைக்கு அவர் பொண்டாட்டி மேல் வந்துவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஆறாவது பிரசவத்தில் ராமாத்தாள் பிழைத்ததே பெரிய காரியம். எழுபத்தொன்றாம் வருஷம் அது. ஊருக்கு ஊர் குடும்பக் கட்டுப்பாடு கேம்ப் நடந்த சமயம்.

"இன்னொண்ணு உண்டானா அவ தாங்கமாட்டா. கொல்லங்கோட்டுல கேம்ப் போடறாங்க. ஆம்பளைக்குச் சின்ன ஆபரேஷன்தானுங்க" என்று நர்ஸ் கத்தரீனாள் வீடு தேடி வந்து சொல்லிப் பார்த்தாள்.

"பாரத்தை ஆத்தா காலடியில போட்டாச்சுங்க. காப்பாத்தறது அவ பொறுப்பு" என்று அவளுக்கும் திருநீறு கொடுத்து அனுப்பிவிட்டார் குப்பண்ணன். கதவோரம் நின்ற ராமாத்தாள் வாயே திறக்கவில்லை.

இப்போது திறந்தாள்.

"டேய் குப்பா!"

கட்டின நாளிலிருந்து புருஷன் பேரைச் சொல்லாதவள். கூட்டம் மொத்தமும் தரையில் விழுந்தது. குப்பண்ணன் மட்டும் நின்றபடியே அவள் கண்ணை உற்றுப் பார்த்தார்.

"எங்காலடியில பாரத்தைப் போட்டியே, எஞ்சொல்லைக் கேப்பியா, மாட்டியா?"

தரையில் கிடந்த ஊரே தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

"கே... கேக்கறேன் தாயே."

"திங்கக்கெழம கேம்புக்குப் போயி ஆபரேஷன் பண்ணிக்க. தலைக்குத் தண்ணி ஊத்தி, தொவைச்ச கோவணம் கட்டீட்டுப் போடா!"

ஆத்தாவுக்குக் கேம்ப் நடக்கும் கிழமை தெரிந்திருந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அவளுக்குத் தெரியாதது உண்டா?

மறுநாள் ராமாத்தாளின் உள்ளங்கைக் கொப்புளத்துக்கு மருந்து போட்டது கத்தரீனாள்தான்.

"அருள் வந்தா சுடாதும்பாங்களே?"

"சுடாம இருக்குமாக்கா? ஆறு புள்ளைக்கும் நான் வேணுமில்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டாள் ராமாத்தாள்.

திங்கட்கிழமை குப்பண்ணன் சொன்ன சொல் தவறாமல் வந்து படுத்தார். எல்லாம் முடிந்து, கட்டிலில் முனகிக்கொண்டிருந்தவரைப் பார்க்கக் கத்தரீனாளுக்குப் பாவமாக இருந்தது. பச்சை மண்ணை ஏமாற்றிவிட்டது போல ஒரு குற்ற உணர்ச்சி.

"ஏனுங்க பூசாரி, அன்னிக்கு ராமாத்தா மேல வந்தது நெசமாலுமே ஆத்தாதானுங்களா?"

குப்பண்ணன் அக்கம்பக்கத்துக் கட்டில்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆத்தாளாவது! அவளேதானுங்க."

"தெரிஞ்சுமா வந்தீங்க? அங்கயே பொய்யின்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, எம்மேல வர்றது யாருன்னு கேப்பாங்களேங்க!"