பேச்சுவார்த்தை இல்லாத படகு

“அப்பா, பாயை இறக்கணுமாம். அம்மா சொல்லச் சொன்னாங்க.”

மகள் படகறையின் படியில் நின்று தலையை மட்டும் வெளியே நீட்டினாள். அம்மா ஒன்றும் தூரத்தில் இல்லை. அவனுக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற இடத்தில், சுக்கானைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

குடிதண்ணீரில் மனைவி தலைக்குக் குளித்துவிட்டாள். அவன் ஒரு வார்த்தை சொன்னான், அவள் நாலு வார்த்தை சொன்னாள். அதிலிருந்து மகள்தான் தபால்காரி. கோபித்துக்கொண்டு அவள் தாய்வீட்டுக்குக் கிளம்பவும் வழியில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் கடல். கரைக்கு இன்னும் வாரக்கணக்கில் போக வேண்டும்.

அவள் சொன்னது சரி என்பதுதான் அவனுக்கு எரிச்சல். மேற்கே வானம் கறுத்து நெருங்கியது. விரித்த பாயோடு அந்தக் காற்றில் மாட்டினால் படகு கவிழ்ந்துவிடும்.

விருட்டென்று எழுந்து பாய்மரத்தை நோக்கிப் போனான். பின்னாலிருந்து அவள் ஏதோ கத்தினாள். இப்போது மட்டும் வாய் வந்துவிட்டதாக்கும். அவன் திரும்பவில்லை.

மரத்தைக் கட்டிப்பிடித்த நேரம் காற்று வந்து அறைந்தது. படகு ஒருபக்கமாகச் சரிந்தது. பாயை ஏற்றிய கயிறு அவள் பக்கம் கட்டியிருந்தது. அவள் அதை அவிழ்த்தால்தான் இவன் பாயை இழுத்து இறக்க முடியும்.

கையை ஆட்டினான். அவள் பார்க்கவே இல்லை. சுக்கானைத் தொடையால் அணைத்துக்கொண்டு, குனிந்து வேறு எதையோ செய்துகொண்டிருந்தாள்.

பழிவாங்குகிறாள். உள்ளே பிள்ளை இருக்கிறாள் என்ற நினைப்புகூட இல்லை. 

ஒருவழியாகக் கயிறு தளர்ந்தது. பாயை இறக்கிச் சுருட்டினான். கடைசிக் கட்டைப் போடும்போது ஓர் அலை தளத்தில் ஏறி அவன் காலை வாரியது. விளிம்புக் கம்பிக்கு அடியில் இடுப்புவரை வெளியே போய்விட்டான். நெஞ்சில் கட்டியிருந்த பாதுகாப்புப் பட்டை வெடுக்கென்று இழுத்து நிறுத்தியது.

நல்லவேளை, பட்டையின் கொக்கி படகைப் பிடித்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டான்.

கயிற்றை அவிழ்க்க இவ்வளவு நேரமா என்று கேட்பதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே ஊர்ந்து திரும்பினான்.

அவள் இடுப்பைச் சுற்றி ஒரு கயிறு இறுகிக் கிடந்தது. அதன் கீழே தோல் உரிந்து சிவந்திருந்தது. கயிறு தளத்தில் நீண்டு வந்து, அவன் நெஞ்சுப்பட்டையிலிருந்து நீண்ட வாரின் கொக்கியில் முடிந்தது. அவன் விருட்டென்று போனபோது பின்னால் இழுபட்ட கொக்கியை எட்டிப் பிடித்து அவள் கயிற்றில் கோத்து, குனிந்து மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டியிருக்கிறாள்.

அதை அவன் படகில் மாட்டவே இல்லை.

பாய்மரத்துப் பக்கம் போகிறவர் கொக்கியைப் படகில் மாட்டிவிட்டு “மாட்டியாச்சு” என்று மற்றவரிடம் உரக்கச் சொல்ல வேண்டும். அவனே போட்ட சட்டம். பேசாதவளிடம் என்னவென்று சொல்வது?

அவள் இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்க்கக் குனிந்தான். நனைந்து இறுகிக் கிடந்ததில் பிடி கிடைக்கவில்லை.

“இருக்கட்டும்,” என்றாள் அவள். “காத்து நிக்கட்டும்.”