நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்

புது வீட்டுக்குக் குடிவந்த மறுநாளே அவள் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"என்னாச்சும்மா?" பதறினான், வேலையிலிருந்து திரும்பிய கணவன்.

"மொட்டை மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தாரு. மூஞ்சியைக்கூட நான் இன்னும் பார்க்கல. அதுக்குள்ள உங்க சம்பளம் எவ்வளவு, நம்மளது காதல் கல்யாணமா, ஏன் இன்னும் குழந்தை இல்லைன்னு குடைஞ்சு எடுத்துட்டாரு. நடுவுல ரெண்டு தும்மல் போட்டேன். உடனே, 'என்னம்மா, விசேஷமா?'ங்கிறாரு!"

கணவன் சிரித்துவிட்டான்.

"நம்ம ஜனங்களுக்கு அடுத்த வீட்டுல மூக்கை நுழைக்கலைன்னா தூக்கமே வராது. அமெரிக்காக்காரங்க அப்படியா? பக்கத்து வீடு பத்தி எரிஞ்சாக்கூட அனுமதி வாங்கிட்டுத்தான் எட்டிப் பார்ப்பாங்க."

"அப்போ ஒரு அமெரிக்காக்காரர் பக்கத்துல வீடு பாருங்க. இன்னிக்கே கிளம்பலாம்!"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கதவு படாரென்று திறந்தது. ஆறடிக்கு மேல் உயரமும் வெளுத்த தலையும் நீலக் கண்களுமாக ஒருவர் உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன சண்டை? எங்க வீடு வரைக்கும் கேக்குதே!"

நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கேட்ட அதே குரல்!

"சாருக்கு... எந்த ஊரு?" கணவனுக்கு நாக்கு குழறியது.

"அமெரிக்கா, தம்பி. வந்த புதுசுல யார் என்ன கேட்டாலும் எனக்கும் அழுகை அழுகையா வரும்" என்றவர், அவள் பக்கம் திரும்பிப் பரிவோடு சொன்னார்:

"கவலைப்படாதேம்மா. நம்ம ஊரு பழக்கவழக்கமெல்லாம் போகப் போக உனக்கும் புரிஞ்சுடும்."