தானா ராத்தா ஆபீஸ்

லோகேந்திரன் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் உள்ளறையில் கைலியோடு உட்கார்ந்து, கோலாலம்பூர் கம்பெனி ஒன்றுக்குக் கணினியில் வேலை பார்த்தான். அவன் அம்மா தவமணிக்கு அது வேலையாகவே படவில்லை.

"படிச்ச புள்ள வீட்டுல குந்தியிருக்கான்னு லயமே சிரிக்குதுப்பா," என்றாள். கூடக் கொழுந்து பறிக்கும் பெண்களிடம், மகன் தானா ராத்தா டவுனில் ஆபீஸ் போகிறான் என்று சொல்லிவைத்தாள். அவர்கள் பார்க்கட்டும் என்று தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கட்டி வாசற்படியில் வைத்துவிட்டு மலைக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் அவன் கூச்சத்தோடு அதை உள்ளே எடுத்துக்கொள்வான்.

ஒரு திங்கட்கிழமை அவன் கதவைத் திறந்தபோது டப்பா இல்லை. இன்டர்வியூவுக்கு வாங்கிய ஷூவும் இல்லை.

அன்று மாலை அவன் மீட்டிங்கில் இருந்தபோது, பக்கத்து வீட்டு பார்பரா வாசலில் அம்மாவிடம் பேசுவது கேட்டது.

"தவமணிக்கா, காலையில பஸ்ஸுல உங்க மகன் எழுந்து எனக்கு எடம் குடுத்தான் லா. என்னா மரியாதை!"

சற்று நேரத்தில் யாரோ ஷூவைக் கழற்றும் சத்தம். காலி டப்பாவின் சத்தம்.

"வாய்யா, ரொம்பக் களைச்சுப் போயிட்டியே," என்றாள் அம்மா. அந்தக் கனிவான குரலை அவளிடம் அவன் கேட்டதே இல்லை. 'ஆமாம்மா' என்று பதில் வந்தது, அவனுடைய குரலிலேயே.

லோகேந்திரன் மைக்கை அணைத்தான். தான் வீட்டில் இருப்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, உள்ளறைக் கதவை மெல்லத் தாழிட்டான்.