அறுபது வருடத்து மணை

முதலில் அடிப்பலகையில் ஒட்டியிருந்த கொட்டலசுச் சிப்பிகளைச் சுரண்டி எடுத்தேன்.

கடுகளவுதான் இருந்தன. இரண்டு மூன்று வாரம் கடலில் கிடந்த மரத்தில்தான் அந்த அளவுக்கு வளரும்.

பழைய மரச்சாமானை வாங்கி, இன்னும் பழசாக்கி, ஷேலா கடற்கரை விடுதிகளுக்கு விற்பது என் தொழில். ஏமாற்று என்பவன் சொல்லிக்கொள்ளட்டும்.

இது தேங்காய் துருவும் மணை. இரண்டு பலகை குறுக்கே மடங்கும். முன்னால் இரும்பு நாக்கு நீட்டியிருக்கும். எங்கள் லாமுவில் இதற்கு ஆடு என்று பேர்.

காலையில் கொம்போ கழுதைமேல் போட்டுக்கொண்டு வந்தான். வீடுவீடாகப் போய்ப் பழையது வாங்குகிறவன்.

"பெரியவரே, ஆடு ஒண்ணு வந்திருக்கு. புல்லு வேணாம், தண்ணி வேணாம். கிவாயு தீவுப் பக்கம் வலையில சிக்குச்சாம்."

"ஆட்டுக்கு நீச்சல் யாருடா சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கித் திருப்பினேன்.



அடியில் செதுக்கிய பாதிப் பூ. உடைந்த கட்டிலின் தலைமாட்டுப் பலகையை அறுத்து நானே செய்த மணை. மீதிப் பூ அன்றே அடுப்புக்குப் போய்விட்டது. என் மகள் சோமோயேயின் கல்யாணத்துக்கு இதைக் கொடுத்தேன். இரண்டு வருடம் இதில் உட்கார்ந்துதான் துருவினாள். அப்புறம் அவள் புருஷன் லாலி ஒரு தோணியில் சமையல்காரனாகச் சேர்ந்தபோது இதையும் தூக்கிக்கொண்டு போனான்.

கண்டல் கழி ஏற்றிக்கொண்டு மொம்பாசாவுக்குப் போன தோணி. முப்பத்தொரு நாளாகிறது. வரவில்லை.

பார்த்தோம் என்றார்கள் மீன்காரர்கள். ஒருவன் தெற்கே என்றான், ஒருவன் வடக்கே என்றான். மீன்காரன் பேச்சை நான் மீன் விஷயத்தில்கூட நம்பமாட்டேன்.

லாலியையும் நான் நம்பியதில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன். மணையை மொம்பாசாவில் விற்றுத் தின்றுவிட்டு எவள் வீட்டிலோ கிடக்கிறான் என்று நினைக்கப் பார்த்தேன். அப்படியே இருக்கட்டும், அவன் திருடனாகவே இருக்கட்டும் என்று அல்லாவிடம் கேட்டும் பார்த்தேன்.

கொட்டலசு விடவில்லை. விற்ற மணை கடலில் கிடக்காது.

கொம்போவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தால் சாயந்திரத்துக்குள் கழுதைக்கும் தெரிந்துவிடும்.

சோமோயே மாவு வாங்கப் போயிருந்தாள். தோணி தாமதம், அவ்வளவுதான் என்கிறாள். தினமும் அவனுக்கும் சேர்த்தே அரிசி போடுகிறாள். அவன் போய்விட்டான் என்று யாராவது ஒரு வாய் சொல்லிவிட்டால் நாலு மாதம் பத்து நாள் அவள் உள்ளறையில் விதவையாக இத்தா இருக்க வேண்டும்.

அந்த வாய் என் வாயாக இருக்கக்கூடாது.

உளியை எடுத்துப் பாதிப் பூவைச் செதுக்கித் தள்ளினேன். சங்கிலியால் பலகையை அடித்தேன். மூலைகளை மணலால் தேய்த்தேன். இரும்பு நாக்கு தானே துருப்பிடித்திருந்தது, அந்த வேலை மிச்சம்.

மொம்பாசாவில் போலி செய்கிற கள்ளர்கள் மணையை நடுவில் தேய்ப்பார்கள். பொம்பளை உட்கார்ந்து எழுந்தால் முன் விளிம்புதான் தேயும். இதில் அந்தத் தேய்வு முன்னமே இருந்தது. என் மகளுடைய தேய்வு. அதன்மேல் அரத்தை வைத்து இழுத்து, யாரோ ஒருத்தியின் தேய்வாக்கினேன்.

துருப்பிடித்த ஆணி ஊறிய காடியைக் கடைசியாகப் பூசினேன். பூசினால் எந்த மரமும் கிழடாகிவிடும். இரண்டு நாள் வேலை. அரை மணியில் முடித்தேன்.

கதவு திறந்தது.

சோமோயே மாவுப் பையை இறக்கி வைத்துவிட்டு முக்காட்டைத் தளர்த்தினாள்.

"கொம்போ இன்னைக்கு எதை உங்க தலையில கட்டுனான்?"

"ஒரு ஆடு."

"வயசு எத்தனைன்னு சொல்லப் போறீங்க?"

"அறுபது."

"ஷேலாக்காரன் நம்புவானா வாப்பா?"

"நம்பத்தானே காசு குடுக்குறான்."

சிரித்தாள். எனக்குப் பாதி மூச்சு வந்தது.

மீதிப் பாதி வருவதற்குள் மணையின் பக்கம் நடந்தாள். வேலை முடிந்த சாமானில் உட்கார்ந்து பார்ப்பது எப்போதும் அவள்தான். வாங்குகிறவன் விழுந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது?

காடி இன்னும் காயவில்லை, துணியில் ஒட்டும் என்றேன். "ஒட்டுனா துவைச்சுக்கலாம்," என்று உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மணை வலப்பக்கம் ஒரு விரல் சாயும். புதிதாக உட்காருகிறவள் பதறிக் கையை ஊன்றுவாள்.

சோமோயே ஊன்றவில்லை.

குனிந்தும் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கை மட்டும் முன் விளிம்புக்குப் போய், நான் அரம் போட்ட இடத்தில் நின்றது.

சந்தில் யாரோ கழுதையைத் திட்டிக்கொண்டு போனார்கள். நான் அரத்தைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

"இன்னும் கறுப்பாக்குங்க வாப்பா," என்றாள் கடைசியில். "அசர் தொழுகைக்கு அப்புறம் அவரோட உம்மா வர்றாங்க. அவங்களுக்கு இன்னும் கண்ணு நல்லாத் தெரியும்."

சொன்னவள் மணையைவிட்டு எழுந்திருக்கவில்லை.