முறை வைத்து உடையும் ஊசிகள்

பனியன் கம்பெனியின் பழைய சாஃப்ட்வேரைத் தூக்கி எறியும் முன், அங்கே வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அதன் பதிவுகளைத் தோண்டினான், புதியதை எழுத வந்த கிருபாகரன். திரையில் வந்ததை முதலில் அவனே நம்பவில்லை. தையல் ஊசிகள் முறை வைத்து உடைந்திருந்தன. முதல் மெஷினில் உடையும். அது மறுபடி ஓடத் தொடங்கியதும் இரண்டாவதில், பிறகு மூன்றாவதில். ஒருநாளும் இரண்டு ஊசிகள் சேர்ந்து உடைந்ததில்லை.

மேலாளர், முதல் மெஷினில் தைக்கும் தெய்வானையைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"ஏம்மா, ஊசியெல்லாம் முறை வச்சா உடையும்?"

"ஊசி உடைஞ்சுதுன்னு அமுக்குனாத்தானுங்க மெஷினை நிறுத்த முடியுது. ஒண்ணுக்கு வருதுன்னு அமுக்க அதுல பட்டன் இல்லீங்களே."

"புதுசுலயும் இருக்காது. இனிமே உடைஞ்ச துண்டைக் கொண்டுவந்து காட்டினாத்தான் நிறுத்தலாம்."

"சரிங்க" என்று போய்விட்டாள்.

புதிய சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கிய காலை, மேலாளரும் கிருபாகரனும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெய்வானை நல்ல ஊசி ஒன்றைக் கழற்றிக் குறட்டால் ஒடித்தாள். இரண்டு துண்டுகளையும் மேலாளரின் உள்ளங்கையில் வைத்தாள். யாரிடமும் கேட்காமல் கழிப்பறைப் பக்கம் நடந்தாள்.

அவள் நிதானமாகத் திரும்பி வந்து உட்கார்ந்ததும், இரண்டாவது மெஷினில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

மேலாளர் இன்னும் கையை மூடியிருக்கவில்லை.