பயம் தெளியக் கூடாது

எதிர்வீட்டு நகுலேசன் தினமும் தன் வீட்டுக் கதவையே சப்பாத்துக் காலால் உதைப்பான். குடித்துவிட்டு வருகிறான் என்று மாடி முழுக்கச் சொல்லியும் விட்டேன். நேற்று அவன் மனைவி சுகிர்தா வந்து, அகதி அலுவலகம் மாட்டிவிட்ட கைப்பட்டியைக் காட்டினாள். பயம் இருந்தால் அது சிவப்பு. பச்சையாகிவிட்டால், ஊரில் ஆபத்தில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

"அங்க ஊரில எங்கட கதவை ஆமிக்காரங்கள் உதைச்ச மாதிரியே இவர் உதைப்பார், அக்கா. இப்ப எனக்குப் பழகிப்போச்சுது. இனி நீங்கள் உதைப்பீங்களோ? எப்ப எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

"அயலுக்கு இதுகூடச் செய்யாட்டி எப்பிடி?" என்றேன்.

இன்று அவள் சமைக்கும் நேரம் பார்த்து உதைத்தேன். உள்ளே சட்டி விழுந்தது, அலறினாள். பட்டி சிவந்திருக்கும். அவளுக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை; இன்னொரு உதை உதைத்தேன்.